சிங்கப்பூர்த் தேக்காவில் கிரைண்டர் வாங்குமுன் சமையலறை மேடையை அளந்துவிடுங்கள்

வீட்டில் எத்தனை பேர் என்பது இரண்டாவது கேள்வி. மாதத்தில் எத்தனை முறை மாவு ஆட்டுவீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஒன்றிரண்டு முறைதான் என்றால் பாக்கெட் மாவே போதும். வாரம் ஒரு முறையாவது ஆட்டும் வீட்டுக்குத்தான், பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் கல்லை லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவருவதில் அர்த்தம் இருக்கிறது.

வாங்குவது என்று முடிவானால் அளவுநாடாவை எடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறைகளில் மேடைக்கு மேலேயே அலமாரி தொங்கும். கிரைண்டரின் உயரத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள், குழவிக் கற்களை மேல்நோக்கித் தூக்கித்தான் வெளியே எடுக்கவேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். எந்திரத்தின் உயரத்தோடு இன்னும் ஒன்றரை சாண் காலியிடம் இருந்தால்தான் கை நுழையும். மேடையில் நிரந்தர இடம் இல்லாமல் கீழ் அலமாரிக்குள் போகும் கிரைண்டர், இரண்டே மாதத்தில் அங்கேயே தங்கிவிடும்.

சாய்த்து மாவை ஊற்றும் டில்டிங் வகை, முதுகுவலி உள்ளவர்களுக்கு வசதி. ஆனால் முன்பக்கம் சாய இடம் வேண்டும். பல மாடல்களில் டிரம்மைக் கழற்ற முடியாது. கழுவிய தண்ணீரை எதில் பிடிப்பது என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். டிரம் தனியாக வரும் மேசைமேல் வகைதான் சிறிய வீட்டுக்குச் சரி.

பெட்டியில் ‘2 லிட்டர்’ என்று போட்டிருப்பது டிரம்மின் கொள்ளளவு. நடைமுறையில் அதில் 4 கப் அரிசி, 1 கப் உளுந்து தனித்தனியே ஆட்டலாம். அதற்கு மேல் என்றால் இரண்டு தவணை. உளுந்து ஒரு கப்புக்குக் குறைந்தால் மாவு டிரம்மின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கல்லுக்கு அடியில் வராது. இரண்டு பேருக்கு மட்டும் ஆட்டுகிறவர்கள் 1.25 லிட்டர் பாருங்கள். குழவி இரண்டா மூன்றா என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். எண்ணிக்கை கூடினால் கழுவும் இடுக்கும் கூடும், அதற்காக அதிக வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுக்க வேண்டியதில்லை.

தேக்காவின் சிராங்கூன் சாலைக்கு வாரநாளில் போங்கள். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொன்னால் யாருக்கும் பொறுமை இருக்காது. பிரிக்காமல் வாங்கவும் கூடாது. அடிக்கல்லில் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள்: மயிரிழை விரிசலும் ஓரச் சிதைவும் கண்ணைவிடக் கைக்கு முதலில் தெரியும். குழவியைக் கையால் சுற்றினால் தடையின்றிச் சுழலவேண்டும், ஆடக்கூடாது. டிரம்மின் விளிம்பு நன்றாக மடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்; கழுவும்போது கையைக் கிழிப்பது அந்த விளிம்புதான். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். வெறுமனே ஓடவிட்டால் கல்லோடு கல் உரசித் தேயும். சீரான இரைச்சல் பரவாயில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ‘தொம்’ என்று ஒரு சத்தம் வந்தால் டிரம் நெளிந்திருக்கிறது அல்லது குழவி சரியாக உட்காரவில்லை. வேறு பெட்டி கேளுங்கள்.

அடுத்தது பிளக். இந்தியாவிலும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் உருண்டை முள் பிளக்கில். அடாப்டரில் அது தளர்ந்து ஆடும், ஆடும் இடம் சூடாகும். இங்குள்ள சதுர மூன்று முள் பிளக் பொருத்தியதையே கேளுங்கள். சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரையும் அதன் பக்கத்தில் எட்டிலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 110 வோல்ட் கிரைண்டரை நேரடியாகச் செருகினால் மோட்டார் கருகிவிடும்.

ஊருக்குப் போகும்போது கோயம்புத்தூரிலேயே வாங்கிவிடலாம் என்று பலருக்குத் தோன்றும். அவ்வூர்க் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஆனால் அங்கே தரும் உத்தரவாதம் பெரும்பாலும் இங்கே செல்லாது, லக்கேஜ் எடையில் பாதி போய்விடும். வரியும் உண்டு: 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 500 வெள்ளி வரை பொருள் சேவை வரிச் சலுகை, அதற்குக் குறைந்த பயணம் என்றால் 100 வெள்ளி. வேலை அனுமதிச் சீட்டு, மாணவர் அட்டை, சார்ந்திருப்போர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. இங்கே கடையில் வாங்கினால், 9 விழுக்காட்டு வரி சேர்ந்த விலையைத்தான் அட்டையில் காட்டவேண்டும். கல்லாவில் ‘வரி தனி’ என்றால் விலைச்சீட்டைச் சுட்டிக்காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உளுந்தை ஊறப்போடாதீர்கள். புதுக் கல்லில் தூள் இருக்கும். கழுவிவிட்டு, ஊறிய பழைய அரிசி ஒரு கைப்பிடியைத் தண்ணீரோடு போட்டு 10 நிமிடம் ஆட்டிக் கொட்டுங்கள். மாவில் சாம்பல் நிறம் போகும்வரை, இரண்டு மூன்று முறை. இதைத் தவிர்த்தால் முதல் இட்லியில் நறநறவென்று கல் கடிபடும்.

முதலில் சுவிட்சைப் போட்டு, கல் சுழலும்போது உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். முழுவதையும் கொட்டிவிட்டு சுவிட்சைப் போட்டால் குழவி சிக்கி நிற்கும், மோட்டார் முனகும். குளிர்ந்த நீரைத் தெளித்துத் தெளித்து 25, 30 நிமிடம். இந்த ஊர்ச் சூட்டில் மாவு ஆட்டும்போதே சூடேறும், அதனால்தான் குளிர்ந்த நீர். ஒரு துளி மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்கவேண்டும். அரிசிக்கு 20 நிமிடம் போதும், மெல்லிய ரவை பதத்தில் எடுங்கள். கலந்த மாவைப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பவேண்டாம். இங்கே ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும். இரவு 8 மணிக்கு வெளியே வைத்தால் காலையில் அளவுக்கு மீறிப் புளித்திருக்கும். படுக்கப்போகும்போது கரைத்து வைப்பதே நல்லது.

ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால், சூடேறி மோட்டார் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள்; சில மாடல்களில் அடியில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தவேண்டும். மோட்டார் ஓடுகிறது, டிரம் சுற்றவில்லை, ரப்பர் தீய்ந்த வாடை வருகிறது என்றால் பெல்ட் போய்விட்டது. டிரம்முக்கு அடியில் பால் போலக் கசிவு தெரிந்தால், நடுத்தண்டுக்கு மேல் வரை மாவு நிரப்பியிருக்கிறீர்கள். அந்த ஈரம் பேரிங்குக்குள் போய்த் துருப்பிடிக்கும், பிறகு சத்தம் தாங்காது.

கழுவியதும் மூடிபோட்டு மூடிவைப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. நம் காற்றின் ஈரப்பதத்தில் கல் தானாக உலராது. அடுத்த முறை திறந்தால் குழவியின் பக்கவாட்டில் பூஞ்சை. டிரம்மையும் குழவியையும் ஜன்னலோரம் ஓர் இரவு திறந்தே வையுங்கள்.

ரசீதை எறியாதீர்கள். வாங்கிய 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகவே, பழுதான பொருளை வாங்கியவருக்குக் கைகொடுக்கும் ‘லெமன் சட்டம்’ கருதும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது கடையின் வேலை. முதலில் பழுதுபார்ப்போ மாற்றுப் பொருளோ கேட்கலாம், அது முடியாவிட்டால் விலைக்குறைப்போ பணமோ. நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு இது பொருந்தாது. கடை மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அதற்கும் மசியவில்லை என்றால் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது.

பெல்ட்டும் உத்தரவாதத்துக்குள் வருமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெல்ட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண் தேய்வதற்குள் படம் எடுத்து வையுங்கள். உதிரிபாகக் கடையில் மாடல் பெயரைவிட அந்த எண்ணைக் காட்டினால்தான் சரியான பெல்ட் கைக்கு வரும்.