மழையில் மான் வேட்டைக்கு ரெயின்கோட் வாங்கும்போது

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் மேற்கே, ஒலிம்பிக் தீபகற்பத்தில், பிளாக்டெயில் மான் வேட்டை அக்டோபர் நடுவில் தொடங்கும். மழையும் கிட்டத்தட்ட அதே வாரத்தில்தான் தொடங்கும். அதனால் இங்கே ரெயின்கோட் என்பது எதற்கும் இருக்கட்டும் என்று பையில் வைத்துக்கொள்கிற சாமான் இல்லை, விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டால் பொழுது சாயும் வரை உடம்பிலேயே இருக்கிற சட்டை. (நம்ம ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்தால் இப்போது பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சே கிடையாது. இங்கே லைசென்ஸ், ஒரு மானுக்கு ஒன்று என்று தருகிற டேக் சீட்டு, சீசன் தேதி எல்லாம் மாநில அரசே நிர்ணயித்து நடத்துகிறது. வேடிக்கை என்னவென்றால் இங்கேயும் 1972 வருகிறது: அந்த வருஷம் ஜனவரி 1-க்கு அப்புறம் பிறந்தவர்கள் முதல் லைசென்ஸ் வாங்கப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும்.)

இந்த ஊர் மழையைப் புரிந்துகொண்டால்தான் கோட்டு புரியும். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, இங்கே பக்கத்துப் பெருநகரமான சியாட்டிலில் 1,000 மி.மீ.யை ஒட்டித்தான். ஆனால் சென்னை மழை கொட்டித் தீர்த்துவிட்டு ஓயும், இது வருஷத்தில் 150 நாளுக்கு மேல் நசநசவென்று தூறிக்கொண்டே கிடக்கும். தீபகற்பத்தின் மேற்குச் சரிவில், ஹோ மழைக்காட்டுப் பக்கம், கணக்கு 3,500 மி.மீ.க்குப் போய்விடும். (ஹோ இருப்பது தேசியப் பூங்காவுக்குள், அங்கே வேட்டை கிடையாது. சுற்றியுள்ள தேசிய வனத்திலும் மரக் கம்பெனி நிலங்களிலும்தான் நாங்கள் போவது.) குளிர் 5 டிகிரி, 8 டிகிரி என்று நிற்கும். பனி விழுந்தால்கூடப் பரவாயில்லை, தட்டிவிட்டுப் போகலாம். இந்த 5 டிகிரி மழைதான் ஆளை விறைக்க வைக்கிறது, ஏனென்றால் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும்.

முதல் வருஷம் நான் 60 டாலருக்கு ஒரு நைலான் ஜாக்கெட் வாங்கினேன். லேபிளில் 10,000 மி.மீ. என்று பெரிசாகப் போட்டிருந்தது. கதவை எல்லாம் பூட்டுகிற மாதிரி ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, லாரி போகிற மண் பாதையில் முக்கால் மணி நேரம் மேடு ஏறினேன். மேலே போய் உட்கார்ந்ததும் உள்ளே பனியன் பிழியலாம் போல இருந்தது. ஜாக்கெட் ஒழுகுகிறது என்று கடைக்காரனைத் திட்டினேன். ஒழுகவில்லை. அத்தனையும் என் வேர்வை. ஒன்பது மணிக்குள் பல் தந்தியடிக்க டிரக்குக்குத் திரும்பினேன், திரும்புகிற வழியில் சலால் புதரில் கை உரசி சரக் என்று ஒரு சத்தம், நாற்பது அடியில் ஒரு பெட்டை மான் துள்ளி மறைந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு போன பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, தன்னுடைய பழைய கம்பளிச் சட்டையின் கையை எடுத்து அதே புதரில் தேய்த்துக் காட்டினார். சத்தமே இல்லை.

அன்றைக்குக் கற்ற வரிசையைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்: முதலில் சத்தம், அடுத்தது வேர்வை, மூன்றாவதுதான் தண்ணீர் தாங்குவது. கடையில் எல்லாரும் இதைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள்.

அந்த மி.மீ. எண் என்ன என்று சொல்லிவிடுகிறேன். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் எவ்வளவு உயரம் வரும்போது கசிகிறது என்பதுதான் அது. 10,000 என்றால் பத்து மீட்டர், மூன்று மாடி உயரத் தண்ணீர். வானத்திலிருந்து விழுகிற மழைக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. அழுத்தம் நம்மிடமிருந்து வருகிறது: ஈரப் பாசியில் முட்டி போடும்போது, கட்டையில் உட்காரும்போது, முதுகுப் பையின் பட்டை தோளை அமுக்கும்போது. ஆகவே ஜாக்கெட்டுக்கு 10,000 போதும், பேன்டுக்கு 20,000 பாருங்கள். காசு குறைவாக இருந்தால் பேன்டில் போடுங்கள், ஜாக்கெட்டில் மிச்சம் பிடிக்கலாம். பெரும்பாலானவர்கள் செய்வது நேர்மாறு, 400 டாலர் ஜாக்கெட்டும் கீழே 40 டாலர் பேன்டுமாக வந்து மத்தியானத்துக்குள் பின்புறம் நனைந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பார்கள்.

“மூச்சு விடும் துணி” என்று இன்னொரு எண்ணும் எழுதியிருக்கும். அதைச் சோதிக்கிற முறை பல இருப்பதால் ஒரு கம்பெனி எண்ணை இன்னொரு கம்பெனி எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. கோர்டெக்ஸ் மாதிரியான துணிகளின் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. பாப் கோர் 1969-ல் டெஃப்லானைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தபோது கிடைத்த சமாச்சாரம் அது, 1976-ல் கடைக்கு வந்தது. நீராவி வெளியே போகும், தண்ணீர்த் துளி உள்ளே வராது. ஆனால் மேட்டில் ஏறுகிற ஆள் விடுகிற வேர்வைக்கு எந்தச் சவ்வும் ஈடுகொடுக்காது, அதுவும் வெளித்துணி ஈரத்தில் ஊறிப் போனால் ஆவிக்குப் போக வழியே இருக்காது. அதனால் எண்ணைவிட அக்குளில் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். முழங்கையிலிருந்து விலாவரை திறக்கிற நீள ஜிப் ஒன்று, எந்த விலையுயர்ந்த சவ்வையும்விட அதிகம் வேலை செய்யும். இல்லாவிட்டால் நான் இப்போது செய்வதைச் செய்யுங்கள்: லேசான தூறலில் மேடு ஏறும்போது ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு மெரினோ கம்பளிப் பனியனோடு நனைந்தபடி ஏறுவேன், மேலே போய் உட்கார்ந்ததும் உலர்ந்த பனியன் மாற்றி அதன்மேல் ஜாக்கெட் போடுவேன். கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும், செய்து பார்த்தால் தெரியும்.

இதனால்தான் கடைக்குப் போகும் முன்பே நீங்கள் நடக்கிற ஆளா, உட்கார்கிற ஆளா என்று முடிவு செய்யச் சொல்கிறேன். மரத்தில் கட்டிய பரணிலோ மரம் வெட்டி வெறுமையாகக் கிடக்கிற சரிவின் ஓரத்திலோ ஆறு மணி நேரம் அசையாமல் இருக்கிறவருக்கு மூச்சு விடும் துணி எல்லாம் வீண் செலவு. மீன்பிடிப் படகில் போடுகிற, ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கிற பி.யு. என்கிற பிளாஸ்டிக் பூசிய கோட்டு பாதி விலைக்குக் கிடைக்கும், ஒரு சொட்டு உள்ளே வராது, வருஷக்கணக்கில் உழைக்கும். நடந்தால் மட்டும் உள்ளே இட்லிப் பானைதான். நடக்கிறவர்களுக்கு மூன்றடுக்குத் துணி: வெளித்துணி, நடுவில் சவ்வு, உள்துணி. உள்துணிக்குப் பதில் வெறும் பூச்சு வைத்து, இரண்டரை அடுக்கு என்று ஒரு ரகம் விற்கிறார்கள், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும், மலையேறுகிறவர்களுக்குச் சரி, ஆனால் காகிதம் போலச் சலசலக்கும், பிளாக்பெர்ரி முள்ளில் ஒரு இழுப்புக்குத் தாங்காது. வெளிப்புறம் பின்னல் துணியோ, லேசாகப் பஞ்சு போலத் தேய்த்த துணியோ வைத்த மூன்றடுக்கு ஜாக்கெட்தான் வேட்டைக்கு நல்லது. ஒரு குறை உண்டு, மேல்துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், காய நேரம் பிடிக்கும். சத்தத்துக்காக அந்தக் கனத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

கம்பளி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சியாட்டிலில் ஃபில்சன் என்ற கடை 1897-ல் தங்கம் தேடி வடக்கே போனவர்களுக்குத் துணிமணி விற்க ஆரம்பித்தது, இன்றும் அந்தக் கனத்த கம்பளிச் சட்டையைப் பெரியவர்கள் விடாமல் போடுகிறார்கள். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கினாலும் கையில் ஈரம் தெரியாது, நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும், புதரில் உரசினால் ஓசை கிடையாது. நாள் முழுக்கத் தூறலில் நின்றால் மட்டும் ஈரச் சாக்கைச் சுமக்கிற மாதிரி ஆகிவிடும். சாக்கு என்றதும் ஞாபகம் வருகிறது, எங்கள் பாட்டி கோணிச் சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கொங்காணி போட்டுக் களை எடுக்கப் போவாள். காற்றோட்டம் என்று பார்த்தால் இன்றைய எந்த ஜாக்கெட்டும் அதன் பக்கத்தில் வராது.

சரி, கடையில் என்ன செய்ய வேண்டும். உள்ளே போடுகிற அத்தனை துணியையும் போட்டுக்கொண்டு போங்கள். ஜாக்கெட்டை மாட்டி, இரண்டு கையையும் விலாவில் தேய்த்து நடந்து பாருங்கள், பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்டால் வைத்துவிடுங்கள். பைனாகுலர் பிடிக்கிற மாதிரி முழங்கையைத் தூக்குங்கள், இடுப்புப் பக்கம் ஜாக்கெட் மேலே ஏறக் கூடாது, மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது. காட்டில் அந்த வழியாகத்தான் தண்ணீர் கைக்குள் இறங்கி முழங்கை வரை ஓடும். மணிக்கட்டை இறுக்க வெல்க்ரோ இருந்தால் அதை ஒருமுறை பிய்த்துக் கேளுங்கள், அமைதியான காட்டில் அது பட்டாசு. எலாஸ்டிக் அல்லது பட்டன் நல்லது. துப்பாக்கிக் கட்டையை வைக்கிற தோளில் தடித்த தையலோ ஜிப்போ வரக் கூடாது. உள்ளே புரட்டி எல்லாத் தையல் மேலும் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், சில ஜாக்கெட்டில் தோளில் மட்டும் ஒட்டியிருப்பார்கள்.

ஜாக்கெட்டோடு வருகிற தலையுறை விஷயத்தில் ஒன்று. அதைப் போட்டதும் காது பாதி போய்விடும், துளி விழுகிற சத்தம் மட்டும் மண்டைக்குள் கொட்டும். பிளாக்டெயில் வேட்டையில் பாதி காதால்தான். முன்புறம் நீட்டிய தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, கொட்டும்போது மட்டும் உறையை மேலே இழுத்துக்கொள்வேன். தலையைத் திருப்பினால் உறையும் கூடத் திரும்ப வேண்டும், பின்னால் இறுக்குகிற கயிறு இருந்தால் திரும்பும்.

நிறத்தைப் பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மானுக்கு ஆரஞ்சும் சிவப்பும் நமக்குத் தெரிகிற மாதிரி பளிச்சென்று தெரியாது, நீலம்தான் நன்றாகத் தெரியும், அதனால் ஜீன்ஸ் நீலத்தை மட்டும் தவிருங்கள். ஆனால் சட்டம் இருக்கிறது: நவீன துப்பாக்கி சீசனில் இடுப்புக்கு மேலே, எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி, குறைந்தது 400 சதுர அங்குலம் ஒளிர் ஆரஞ்சு அல்லது ஒளிர் இளஞ்சிவப்பு வெளியே இருக்க வேண்டும், தொப்பி மட்டும் போதாது. மழை வந்ததும் ஆரஞ்சு வெஸ்டுக்கு மேலே ஜாக்கெட்டைப் போட்டு மறைத்துவிடுகிற ஆட்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். சட்டத்தை விடுங்கள், மழை மூட்டத்தில் நூறு கஜத்தில் ஆள் உருவமே கலங்கித் தெரிகிற காட்டில் இது உயிர்ப் பிரச்சினை. ஜாக்கெட்டுக்கு மேலே வருகிற அளவில் பெரிய வெஸ்டாக வாங்குங்கள்.

பேன்டுக்குக் கால் முழுக்கத் திறக்கிற பக்க ஜிப் அவசியம். பூட்ஸைக் கழற்றாமல் மாட்டலாம், நடக்கும்போது மேலிருந்து திறந்து காற்று விடலாம். பூட்ஸுக்கு மேலே கட்டுகிற கணுக்கால் உறை போட்டால் பேன்ட் அதற்கு வெளியே விழட்டும், உள்ளே செருகினால் பேன்டில் வழிகிற தண்ணீர் நேராகப் பூட்ஸுக்குள் போகும். பூட்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மேல்வழியாக ஒருமுறை தண்ணீர் புகுந்தால் அப்புறம் அது வாளி. கையுறையில் முழுக்க நனையாதது என்று ஒன்றை நான் இன்னும் கண்டதில்லை, மெல்லிய கம்பளியில் மூன்று ஜோடி எடுத்துப் போகிறேன். உள்ளே பருத்தி எதுவும் வேண்டாம், உள்ளாடை உட்பட.

வாங்கிய மறுநாளே சோதியுங்கள். வெளிர் சாம்பல் நிறப் பருத்திப் பனியன் போட்டு, மேலே ஜாக்கெட், பேன்ட் மாட்டி, குளியலறை ஷவருக்கு அடியில் பதினைந்து நிமிஷம் நில்லுங்கள், கையைத் தூக்குங்கள், குனியுங்கள், தரையில் உட்காருங்கள். தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும், வெந்நீர் என்றால் வேர்த்துக் குழப்பும். கழற்றிப் பார்த்தால் கசிந்த இடம் கருப்பாகத் தெரியும். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். செப்டம்பரில் செய்தால் கடையில் திருப்பித் தர நாள் இருக்கும்.

பராமரிப்பில் ஒரே ஒரு விஷயம்தான் பெரிசு. வெளித்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருள்வது ஒரு பூச்சால். அழுக்கும் உடம்பு எண்ணெயும் ஏறினால் பூச்சு செத்துவிடும், துணி ஊறும், ஜாக்கெட் போய்விட்டது என்று தூக்கிப் போடுவோம். அதற்கென்று விற்கிற சோப்பில் துவைத்து, லேபிள் அனுமதித்தால் டிரையரில் இளஞ்சூட்டில் இருபது நிமிஷம் ஓட்டுங்கள், பெரும்பாலும் உயிர் வந்துவிடும். சாதாரண சோப்புத்தூளில் இருக்கிற பளபளப்பு ரசாயனம் மான் கண்ணில் நீலமாக மின்னும், துவைக்கும்போது ஊற்றுகிற துணி மென்மையாக்கித் திரவம் பூச்சைக் கெடுக்கும், இரண்டும் ஆகாது. புது ஜாக்கெட்டுகளில் பழைய ஃப்ளூரின் பூச்சு குறைந்து வருகிறது, கலிஃபோர்னியா 2025 ஜனவரியிலிருந்து பெரும்பாலான துணிகளில் அதைத் தடை செய்துவிட்டது. நல்ல காரியம்தான், ஆனால் புதுப் பூச்சு எண்ணெயைத் தள்ளாது, துப்பாக்கி எண்ணெய்க் கையைத் துடைத்தால் அந்த இடம் ஊறும். சீசனில் ஒருமுறை துவைத்தது போய் இப்போது மூன்று முறை துவைக்கிறேன்.

மறந்தே போனேன், துப்பாக்கிக் குழல் வாயில் ஒரு துண்டு எலக்ட்ரிக் டேப் ஒட்டிவிடுங்கள், லைசென்ஸையும் டேக்கையும் ஜிப் பையில் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஜாக்கெட்டை விறகு அடுப்புப் பக்கம் தொங்க விடாதீர்கள், தையல் டேப் உரிந்துவிடும். பூட்ஸுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை மாற்றுங்கள், மறுநாள் காலை ஐந்து மணிக்குக் காலை விட முடிகிற அளவுக்குக் காய்ந்திருக்கும்.