பானெட்டுக்குள் வளர்ந்த ஒயர்ப் புதரை வெட்டிச் சீராக்குவது

மேடு பள்ளத்தில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல், பானெட்டைத் திறந்தால் ஒரே காட்சிதான். பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் லக் (ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) மேல் லக்காக ஏறி உட்கார்ந்திருக்கும். ஸ்பாட் லைட்டுக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, ஏர் கம்ப்ரஸருக்கு ஒன்று. மிச்சம் எதற்கென்று வண்டிக்காரருக்கே தெரியாது. ராத்திரி மழையில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, எந்த ஃபியூஸ் போயிருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்க முடிகிறதா? ஒரு ஒயரிங்குக்கு நான் மார்க் போடுவது இதை வைத்துத்தான். அழகு தானாக வரும்.

இன்ஜின் ஆறிய பிறகு எல்லாப் பக்கமிருந்தும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவில் கை வைக்கும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் நெகட்டிவ் மாட்டியிருக்கும் வரை அது நேரடி ஷார்ட். திரும்ப மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. அழுக்கைப் பிரஷ்ஷும் டிகிரீஸரும் கொண்டு துடைத்தெடுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம். ஆல்டர்நேட்டருக்குள்ளும் கனெக்டருக்குள்ளும் அது தண்ணீரை ஏற்றிவிடும்.

இந்த வேலையில் பாதி நேரம் கழற்றுவதிலேயே போகும், போகட்டும். பழைய டேப்பைப் பிரித்து, பின்னால் யாரோ சேர்த்த ஒவ்வொரு ஒயரையும் முனை முதல் முனை வரை கையால் தடவிப் போய், மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் எங்கே போகிறது என்று தெரிந்த பிறகுதான் வெட்ட வேண்டும். கம்பெனி போட்ட ஒயர்க் கட்டான ஹார்னஸைத் தொடாதீர்கள். சென்சார் ஒயர், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஒயர், மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர் எதிலும் டெஸ்ட் லேம்ப் ஊசியைக் குத்தவே கூடாது. ஒயரைக் கடித்துப் பிடிக்கும் அந்தப் பிளாஸ்டிக் கிளிப் இணைப்புகளைக் கண்ட இடத்தில் பிடுங்கிப் போடுங்கள். அது இழையை அறுத்து, உள்ளே ஈரத்தையும் விடும்.

இனி புதிது. பேட்டரியிலிருந்து ஒரே ஒரு தடித்த கேபிள், ஒரு சாண் தூரத்துக்குள் அதற்கு ஒரு மெயின் ஃபியூஸ், அங்கிருந்து மூடி போட்ட ஒரு ஃபியூஸ் பாக்ஸ். மற்றதெல்லாம் அந்தப் பாக்ஸிலிருந்துதான் கிளம்ப வேண்டும். சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச் மட்டும் விதிவிலக்கு. முழு இழுவையில் அது 400 ஆம்பியர் வரை கேட்கும், அதனால் தனிக் கேபிளும், மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சும் போடுங்கள்.

ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை, விளக்கை அல்ல. 55 வாட் ஹாலஜன் இரண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குச் சற்று மேல். நான் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரும் 15 ஆம்பியர் ஃபியூஸும் போடுவேன். 1 ஸ்கொயர் எம்எம் ஒயரிலும் விளக்கு எரியும்தான். ஆனால் போக 3 மீட்டர், வர 3 மீட்டர் ஓடினால் 0.9 வோல்ட் வழியிலேயே தொலையும்; வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அப்புறம் விளக்கைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

ரிலே என்பது சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச். அதன் முனை எண்களில் 30க்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87க்கு விளக்கு, 85க்கும் 86க்கும் சுவிட்சும் எர்த்தும் (வண்டியின் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை). முனைகள் கீழ்ப்பக்கம் பார்க்க மாட்டினால் தண்ணீர் தேங்காது. ஆற்றில் இறங்கும் வண்டியென்றால் பாக்ஸ், ரிலே இரண்டும் முடிந்தவரை உயரத்தில் இருக்கட்டும்.

இணைப்புகளுக்குக் கிரிம்ப்தான் (முனையை ஒயர் மேல் நசுக்கிப் பிடிப்பது), சால்டர் வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைப்பாக்கிவிடும், அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில் ஒடியும். கிரிம்ப் செய்து, இழுத்துப் பார்த்து, உள்ளே பசை தடவிய, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

எர்த்துக்கு வருவோம். விளக்கு மங்குவது, ரிலே படபடவென அடிப்பது, ஸ்டார்ட்டர் திணறுவது என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பெயின்ட்டைப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை சுரண்டி, லக் வைத்து, பல் வாஷருடன் இறுக்கி, அதன் பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பட்டையையும் மாற்றிவிடுங்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் மல்டிமீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் சரி. அரை வோல்ட் என்றால் எர்த் பாதையில் எங்கோ கோளாறு. நெகட்டிவ் முனையில் கரண்ட் சென்சார் இருக்கும் புதிய வண்டிகளில் கூடுதல் எர்த்தை முனையில் மாட்டாமல் பாடியில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் சென்சார் கணக்குத் தவறும்.

ஒயரை ஓட்டும்போது எக்ஸாஸ்ட் பக்கம் போகாதீர்கள். இன்ஜின் மவுன்ட்டில் ஆடும் என்பதால் பாடியிலிருந்து இன்ஜினுக்குத் தாண்டும் இடத்தில் கொஞ்சம் தளர்வு வேண்டும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டின் ஓட்டையில் ரப்பர் வளையம் (குரோமெட்), மேலே நெளி குழாய், ரப்பர் வைத்த கிளாம்ப். கேபிள் டை வாலை ஒட்ட வெட்டுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை கையைக் கிழிக்கும்.

மாட்டும் முன் எல்லா சுவிட்சையும் ஆஃப் செய்து, கதவை மூடி, பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய நெகட்டிவ் கேபிளுக்கும் நடுவில் ஒரு 21 வாட் பல்பை இணைத்துப் பாருங்கள். ஒரு கணம் மினுங்கி அணைந்தால் நல்லது. முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தேடுங்கள். பல்பு அணைந்திருந்தால் நேரடியாக மாட்டிவிடலாம். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். ஃபியூஸ் பட்டியலை மூடியின் உட்புறம் ஒட்டி, முதல் கரடுமுரடான ஓட்டம் முடிந்ததும் எர்த் போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்குங்கள்.