சேலத்து வீட்டிலும் ஏற்காடு பஸ்ஸிலும் கொரோனா தொற்றாமல் இருக்க

கொரோனா இன்னும் போய்விடவில்லை. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையைத்தான் விலக்கியது, கிருமி அப்படியேதான் இருக்கிறது. வயசானவர்களையும் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் இப்போதும் அது படுக்க வைக்கிறது.

கவனிக்க வேண்டியது முதலில் காற்றைத்தான். பேசும்போதும் பாடும்போதும் மூச்சோடு வரும் நுண்ணிய துளிகள் மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கும், நோய் உள்ளவர் எழுந்து போன பிறகும் மிதக்கும். அதனால் அப்படிப்பட்ட அறையில் ஆறடி தள்ளி உட்கார்ந்தால் மட்டும் தப்பிக்க முடியாது. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை, இருக்கிற காற்றையேதான் குளிர வைக்கிறது. சேலத்து மே மாத வெயிலில் அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. சரி, போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வீட்டில் நாலு பேர் கூடியிருக்கும்போது எதிரெதிர் ஜன்னல்களை ஒரு சாண் திறந்து வையுங்கள். கரண்ட் பில் ஏறினால் ஏறட்டும். ஒரே ஜன்னல்தான் என்றால் டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் திருப்பி வைத்து உள்காற்றைத் தள்ளிவிடுங்கள்.

அம்மாப்பேட்டை, குகை பக்கம் பல வீடுகளில் தறியும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ்தான். தறி ஓடும்போது கத்தித்தான் பேச வேண்டும், கத்தினால் வாயிலிருந்து வரும் துளிகளும் அதிகம். நின்று பேச வேண்டிய விஷயம் என்றால் வாசலுக்கு வந்து பேசுங்கள்.

ஏற்காடு பஸ்ஸில் சிக்கல் வேறு மாதிரி. இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் குளிர் ஏறி, ஒவ்வொரு ஜன்னலாக மூடிவிடுவார்கள். ஸ்வெட்டரும் மப்ளரும் எடுத்துப்போய் உங்கள் ஜன்னலையாவது திறந்து வையுங்கள், கூடவே என்95 மாஸ்க் போடுங்கள். துணி மாஸ்க் அந்த அளவுக்குக் காக்காது. மூக்கின் மேல் உள்ள கம்பியை இரண்டு விரலால் அழுத்திப் படிய வையுங்கள். கண்ணாடி போடுபவர்களுக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல்பக்கம் காற்று கசிகிறது என்று புரிந்துகொள்ளலாம். என்95-ஐத் துவைக்கக் கூடாது.

வெளியே போய் வந்தால் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுங்கள். தடுப்பூசி போட்டிருந்தாலும் தொற்றலாம், ஆனால் நோய் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆபத்து குறையும்.

உடம்பு சுட்டாலோ தொண்டை கரகரத்தாலோ அன்றைக்கே ஒதுங்கிவிடுங்கள். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும் என்பதால், இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருந்தால் அதற்குள் வீட்டில் இன்னொருவர் இருமத் தொடங்கியிருப்பார். வீட்டிலேயே கொரோனா இருக்கிறதா என்று சோதிக்கும் கிட் வாங்கிப் பார்த்து 'இல்லை' என்று வந்தாலும் 48 மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள், முதல் நாளில் அது பலமுறை தவறவிடும். சொந்தக்காரர் கல்யாணம் என்றாலும் போகாதீர்கள். மண்டபத்தில் பந்தியில் உட்காரும்போது எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? குறைந்தது ஐந்து நாள் தனியாக இருந்து, காய்ச்சல் விட்ட பிறகும் பத்தாம் நாள் வரை மாஸ்க்கோடு இருங்கள். ஒரே அறை வீடு என்றால் நோயாளியை ஜன்னலோரம் படுக்க வைத்து, இரு தரப்பும் மாஸ்க் போட்டு, தாத்தா பாட்டியை முடிந்தால் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இருந்தால் உட்கார்ந்து கொஞ்சம் ஓய்வெடுத்த பிறகு பாருங்கள். நகப்பூச்சோ மருதாணியோ இருக்கும் விரலில் வைத்தால் அளவு தப்பாகக் காட்டலாம். 94-க்குக் கீழே இறங்கினாலோ, பேசும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு அழுத்தினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.