எக்ஸ்எஸ்எல்டி-யில் ஸ்ட்ரிங் சீக்வென்ஸ்: ஒன்று இருக்கும்வரை ஓடும், இரண்டு வந்தால் உடையும்

எக்ஸ்எஸ்எல்டி என்பது எக்ஸ்எம்எல் ஃபைலை வேறு வடிவத்துக்கு மாற்றுகிற மொழி, அதில் எழுதும் நிரல்தான் ஸ்டைல்ஷீட். அதில் ஸ்ட்ரிங்குகளை (எழுத்துத் துண்டுகளை) வரிசையாக, அதாவது சீக்வென்ஸாக, வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது வருகிற தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான்: நாம் சோதித்துப் பார்த்த ஃபைலில் ஒரே ஒரு மதிப்பு இருந்திருக்கும். எக்ஸ்பாத்துக்கு (ஸ்டைல்ஷீட்டுக்குள் மதிப்புகளைத் தேடி எடுக்கிற மொழி) ஒரு ஸ்ட்ரிங்கும், ஒரே ஒரு ஸ்ட்ரிங் உள்ள சீக்வென்ஸும் ஒன்றேதான், அதனால் எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலவே இருக்கும். இரண்டு மதிப்பு உள்ள ஃபைல் வந்து சேருகிற அன்றைக்குத்தான் குட்டு உடையும்.

முதலில் வெர்ஷனைப் பாருங்கள். 1999-ல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0-வில் ஸ்ட்ரிங் சீக்வென்ஸ் என்ற பேச்சே கிடையாது. நோட்-செட் (எக்ஸ்எம்எல் மரத்தின் உறுப்புகளான நோடுகளின் தொகுப்பு) உண்டு, தனி ஸ்ட்ரிங் உண்டு, அவ்வளவுதான். கமா போட்ட பட்டியலைப் பிரிக்க வேண்டுமென்றால் கமாவுக்கு முன்னால் உள்ளதைத் தரும் சப்ஸ்ட்ரிங்-பிஃபோர், பின்னால் உள்ளதைத் தரும் சப்ஸ்ட்ரிங்-ஆஃப்டர் இரண்டையும் வைத்து, தன்னையே திரும்பத் திரும்ப அழைக்கிற டெம்ப்ளேட் ஒன்று எழுதியாக வேண்டும். சீக்வென்ஸ் வந்தது 2007-ல், 2.0-வோடு. 3.0 வந்தது 2017-ல். ஸ்டைல்ஷீட்டின் தலையில் 2.0 என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது, அதை ஓட்டுகிற மென்பொருளான புராசஸருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். லிப்எக்ஸ்எஸ்எல்டி என்ற புராசஸர் 1.0-வுக்கானது. புதிய வெர்ஷன் வேண்டுமென்றால் சாக்ஸன் போன்ற ஒன்று தேவை.

இன்னொன்று, பழைய 1.0 ஸ்டைல்ஷீட்டில் எண்ணை மட்டும் 2.0 என்று மாற்றினால், மதிப்பை எழுத்தாக வெளியே எழுதும் வேல்யூ-ஆஃப் கட்டளை நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும். முன்பு முதல் நோடை மட்டும் எழுதியது, இப்போது எல்லாவற்றையும் நடுவே ஒரு இடைவெளி விட்டு எழுதும். முதலாவது மட்டும் வேண்டுமென்றால் [1] என்று நீங்களே சொல்ல வேண்டும். இடைவெளிக்குப் பதிலாகக் கமா வேண்டுமென்றால் அதன் செபரேட்டர் என்ற பண்பு இருக்கிறது.

சரி, இப்போது பெரிய தவறுக்கு வருவோம். வேரியபிளுக்கு வகை சொல்லாமல் விடுவது. இதில் நான் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் தொலைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'சிவப்பு, பச்சை, நீலம்' என்று ஒரு வரி இருக்கிறது. $நிறங்கள் என்று ஒரு வேரியபிள் வைத்து (பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், எக்ஸ்எம்எல் பெயர் விதி அதை ஏற்கிறது), அதன் உள்ளே ஃபார்-ஈச் (ஒவ்வொன்றாக எடுத்து வேலை செய்யும் கட்டளை) போட்டு வரியைப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து எக்ஸ்எஸ்எல்:சீக்வென்ஸ் மூலம் வெளியே தருகிறீர்கள். எத்தனை இருக்கிறது என்று கவுன்ட்($நிறங்கள்) கேட்டால் 1 என்று வரும். மூன்று எங்கே போயிற்று? வகையைச் சொல்லும் ஆஸ் என்ற பண்பு இல்லாத வேரியபிள், தன் உள்ளே எழுதப்பட்டதையெல்லாம் சேர்த்து ஒரு தற்காலிக டாக்குமென்ட்டாகக் கட்டிவிடும். அந்த டாக்குமென்ட்டுக்குள் 'சிவப்பு பச்சை நீலம்' என்று ஒரே ஒரு டெக்ஸ்ட் நோட்தான் இருக்கும். சீக்வென்ஸுக்குப் பதில் வேல்யூ-ஆஃப் போட்டிருந்தால் இன்னும் மோசம், 'சிவப்புபச்சைநீலம்' என்று இடைவெளிகூட இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்="எக்ஸ்எஸ்:ஸ்ட்ரிங்*" என்று எழுதுங்கள், மூன்றும் மூன்றாகவே நிற்கும். அந்த நட்சத்திரக் குறியை விட்டுவிட்டால் ஒன்றே ஒன்று என்று அர்த்தமாகிவிடும், அதுவும் இரண்டாவது மதிப்பு வரும்போதோ ஒன்றுமே வராதபோதோதான் பிழையாகத் தலைகாட்டும்.

இதே தவறின் இன்னொரு முகம்: $எண் என்ற வேரியபிளுக்குள் வேல்யூ-ஆஃப் போட்டு 2 என்று வைத்துவிட்டு, $நிறங்கள்[$எண்] என்று கேட்பது. இரண்டாவது நிறம் வராது, மூன்றுமே வரும். $எண் இங்கே எண்ணே இல்லை, ஒரு டாக்குமென்ட் நோட். நோட் இருக்கிறதா என்றால் இருக்கிறது, ஆகவே எல்லாவற்றுக்கும் 'ஆம்' ஆகிவிடும். இதற்கும் மருந்து அதேதான், ஆஸ்="எக்ஸ்எஸ்:இன்டிஜர்".

அப்புறம் இஃப், அதாவது நிபந்தனை பார்க்கும் கட்டளை. டெஸ்ட்="$நிறங்கள்" என்று எழுதினால் பட்டியல் காலியாக இருந்தால் இல்லை என்று வரும், ஒரு நிறம் இருந்தால் ஆம் என்று வரும், இரண்டு இருந்தால் எஃப்ஓஆர்ஜி0006 என்று பிழை விழும். நோடுகளாக இருந்தால் எத்தனை இருந்தாலும் பிரச்சினை இல்லை, அந்தப் பழக்கத்தில்தான் ஸ்ட்ரிங்குக்கும் அப்படியே எழுதிவிடுகிறோம். ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் எக்ஸிஸ்ட்ஸ்($நிறங்கள்) என்று கேளுங்கள்.

ஆனால் எக்ஸிஸ்ட்ஸும் ஏமாறும், காலி ஸ்ட்ரிங்கை உள்ளே விட்டிருந்தால். '' என்பது ஒரு உருப்படி, () என்பதுதான் ஒன்றுமே இல்லாதது. ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டிய ஃபங்ஷனிலிருந்து '' திருப்பி அனுப்பாதீர்கள், பின்னால் ஸ்ட்ரிங்-ஜாயின் கொண்டு கமா போட்டு இணைக்கும்போது கமாவும் கமாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

ஒப்பிடுவதில் சத்தமில்லாத தவறு ஒன்று உண்டு. $நிறங்கள் = 'பச்சை' என்றால் ஏதாவது ஒன்று பச்சையா என்று கேட்கிறது, நல்லது. $நிறங்கள் != 'பச்சை' என்றால்? பச்சை இல்லையா என்று கேட்கவில்லை, பச்சை அல்லாத ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்கிறது. நம் பட்டியலில் இரண்டுக்குமே ஆம்தான். நீங்கள் கேட்க நினைத்தது நாட்($நிறங்கள் = 'பச்சை'). ஒரு ஸ்ட்ரிங்குக்குள் இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்கும் கன்டெயின்ஸ் கொண்டு தேடுவதும் வேண்டாம். சீக்வென்ஸைக் கொடுத்தால் பிழை, பிரிக்காத வரியைக் கொடுத்தால் 'இளம்பச்சை' இருந்தாலே பச்சை இருக்கிறது என்று சொல்லிவிடும்.

வரியைப் பிரிக்கும் ஃபங்ஷன் டோக்கனைஸ். எதில் பிரிப்பது என்று சொல்லும் அதன் இரண்டாவது ஆர்க்யுமென்ட் வெறும் எழுத்து அல்ல, ரெஜெக்ஸ், அதாவது எழுத்துகளின் அமைப்பைச் சொல்லும் குறிமுறை. புள்ளியைக் கொடுத்துப் பிரித்தால் புள்ளி எல்லா எழுத்துக்கும் பொருந்தும், கையில் மிஞ்சுவது காலி ஸ்ட்ரிங்குகள் மட்டுமே. செங்குத்துக் கோடு | கொடுத்தால் நேராகப் பிழைதான். இரண்டுக்கும் முன்னால் \ வையுங்கள். வெறும் கமாவில் பிரித்தால் ' பச்சை' என்று முன்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும், பிறகு அது 'பச்சை'-க்குச் சமமாக இருக்காது. வரியின் கடைசியில் கமா இருந்தால் கூடவே ஒரு காலி ஸ்ட்ரிங்கும் வரும். தேவையில்லாத இடைவெளியை நீக்கும் நார்மலைஸ்-ஸ்பேஸ் போட்டு ஒவ்வொன்றையும் சுத்தம் செய்துவிட்டு, பின்னால் [. != ''] (இங்கே புள்ளி என்றால் இப்போது கையில் இருக்கும் உருப்படி) என்று வடிகட்டிவிடுங்கள். ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் டிஸ்டிங்க்ட்-வேல்யூஸ் நீக்கித் தரும், ஆனால் எந்த வரிசையில் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதலில் வந்த வரிசை முக்கியம் என்றால், ஒரே மதிப்பு உள்ளவற்றைக் குழுவாக்கும் ஃபார்-ஈச்-குரூப்.

கடைசியாக, ஸ்ட்ரிங்குகள் மேல் ஃபார்-ஈச் ஓடும்போது உள்ளே நிற்பது ஸ்ட்ரிங், நோட் அல்ல. அங்கே போய் விலை என்றோ ../பெயர் என்றோ பாதை எழுதினால் எக்ஸ்பிடிஒய்0020 என்ற பிழை வரும். ஆகவே ஃபார்-ஈச்சுக்கு முன்பே $மூலம் என்று டாக்குமென்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறோம், உள்ளே $மூலம்//பொருள்[நிறம் = .] என்று எழுதுகிறோம், பிழை வரவில்லை, ஆனால் ஒரு பொருளும் கிடைக்கவில்லை. அடைப்புக்குள் போனதும் புள்ளி கைமாறிவிட்டது. அது இப்போது நம் ஸ்ட்ரிங் அல்ல, அந்தந்தப் பொருள். நிறத்தை அந்தப் பொருளின் மொத்த எழுத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். [நிறம் = கரன்ட்()] என்று எழுதுங்கள் (கரன்ட்() அடைப்புக்குள்ளும் நம் ஸ்ட்ரிங்கையே குறிக்கும்), அல்லது ஃபார்-ஈச்சின் முதல் வரியிலேயே புள்ளியை ஒரு வேரியபிளில் போட்டுவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன், ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது எது எதைக் குறிக்கிறது என்று தேட வேண்டியதில்லை.