இரண்டு குறுந்தொகைப் பாடல்களை ஒப்பிட்டு எழுதுவது எப்படி?

பிரிவைப் பாடும் இரு கவிதைகளை ஒப்பிடச் சொன்னால், பலரும் இரண்டின் பொருளையும் தனித்தனியே எழுதிவிட்டு, "இரண்டிலும் தலைவியின் துயரம் வெளிப்படுகிறது" என்று முடித்துவிடுகிறார்கள். அது பொழிப்புரையே அன்றி ஒப்பீடு ஆகாது. குறுந்தொகையின் இரு பாடல்களை வைத்து, நான் கடைப்பிடிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதற்படி: பாடல்களைத் தேர்தல்

உணர்ச்சி ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. சூழலும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் வேறுபாடு புலவரின் ஆக்கத்திலிருந்து வருகிறதா, வெறுமனே கதையிலிருந்து வருகிறதா என்பது தெரியும். பதுமனார் பாடிய 6ஆம் பாடல் இது:

நள்ளென் றன்றே யாமம், சொல்அவிந்து
இனிதுஅடங் கினரே மாக்கள்; முனிவின்று
நனந்தலை உலகமும் துஞ்சும்;
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே.

அதாவது: நள்ளிரவு; பேச்சடங்கி மக்கள் இனிதாக உறங்கிவிட்டார்கள்; வெறுப்பின்றி அகன்ற உலகமும் உறங்குகிறது; நான் ஒருத்தி மட்டும் உறுதியாக உறங்கவில்லை.

ஔவையார் பாடிய 28ஆம் பாடல் இது:

முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்
ஓரேன் யானுமோர் பெற்றி மேலிட்டு
ஆஅ ஒல்லெனக் கூவு வேன்கொல்
அலமரல் அசைவளி அலைப்பஎன்
உயவுநோ யறியாது துஞ்சும் ஊர்க்கே.

அதாவது: சுழலும் காற்று அலைக்க, என் துயரை அறியாமல் உறங்கும் இந்த ஊரை முட்டுவேனோ, தாக்குவேனோ, ஏதேனும் ஒரு சாக்கில் 'ஆஅ', 'ஒல்' என்று கூவுவேனோ, அறியேன்.

இரண்டிலும் தலைவி விழித்திருக்கிறாள்; மற்றவர்கள் உறங்குகிறார்கள். "துஞ்சும்" என்ற சொல்லும் இரண்டிலும் வருகிறது.

பதவுரையோடு படிக்க, 1937இல் வெளிவந்த உ.வே.சாமிநாதையர் பதிப்பையே நான் பரிந்துரைப்பேன். இன்றைய எளிய உரைநடை வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிடாதீர்கள். அடுத்து நாம் தேடப்போகும் சொற்கள் பெரும்பாலும் அதில் காணாமற்போயிருக்கும்.

இரண்டாம்படி: யார், யாரிடம்?

இரண்டும் தலைவி தோழியிடம் கூறியவை. இரண்டும் திருமணத்துக்கு முன் காத்திருக்கும் காலத்தவை. தலைவனைப் பற்றி இரண்டு பாடல்களிலும் ஒரு சொல்கூட இல்லை. ஆகவே காதலர் உறவை நேரடியாகத் தேடாமல், தலைவிக்கும் அவளைச் சுற்றியுள்ளவர்களுக்கும் இடையில் என்ன நிகழ்கிறது என்று பாருங்கள்.

மூன்றாம்படி: இடைச்சொல்லும் வினைமுற்றும்

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். எனவே சற்று நிதானமாகச் செல்வோம். உணர்ச்சியைச் சுட்டும் பெயர்ச்சொற்களைத் தேடினால், இரண்டாம் பாடலில் "நோய்" கிடைக்கும். முதற்பாடலில் தலைவியின் உணர்ச்சியைச் சுட்டும் பெயர் ஒன்றுமே கிடைக்காது; அங்குள்ள "முனிவு" உலகுக்கு இல்லாத உணர்ச்சி. உணர்ச்சி இருப்பது இடைச்சொற்களில், அதாவது தனித்து நில்லாமல் பிற சொற்களைச் சார்ந்து பொருள் தரும் சொற்களில். பதுமனார் பாடலில் "மன்ற" வருகிறது. ஔவையார் பாடலில் "கொல்" மூன்று முறை வருகிறது. தொல்காப்பிய இடையியல் முன்னதற்குத் தேற்றத்தையும் (உறுதியையும்) பின்னதற்கு ஐயத்தையும் பொருளாகக் கூறுகிறது. ஒருத்தி தன் தனிமையை ஐயமின்றி அறிந்துவிட்டாள். மற்றொருத்தி தான் என்ன செய்யப்போகிறோம் என்பதையே அறியாமல் தவிக்கிறாள்.

அடுத்து, "நான்" எங்கே வருகிறது என்று பாருங்கள். முதற்பாடல் யாமத்தில் தொடங்கி, மாக்கள், உலகம் என விரிந்து, கடைசி அடியில்தான் "ஓர்யான்" என்று அவளிடம் வந்து சேர்கிறது. இரண்டாம் பாடலிலோ முதற்சொல்லின் "வேன்" என்ற ஈற்றிலேயே அவள் இருக்கிறாள். பாடல் முடிவது "ஊர்க்கே" என்று ஊரை நோக்கி. முன்னது உலகிலிருந்து அவளை நோக்கிச் சுருங்குகிறது. பின்னது அவளிடமிருந்து ஊரின் மேல் பாய்கிறது. முதற்பாடலில் ஓசை அடங்கிக்கொண்டே போக, இரண்டாவதில் "ஆஅ" என்ற அளபெடை அலறலாகவே எழுகிறது.

ஆனால் அதை வெறும் வெறி என்று எழுதிவிடாதீர்கள். "ஓர் பெற்றி மேலிட்டு" என்றால் ஏதோ ஒரு காரணத்தைச் சாக்காக வைத்து என்று பொருள். களவு, அதாவது திருமணத்துக்கு முந்தைய மறைவான காதல், வெளிப்பட்டுவிடக் கூடாது. அதனால் கத்துவதற்கும் ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. அந்த உறவு எத்தனை மறைவானது என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்ல முடியுமா என்று நான் ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

நான்காம்படி: எழுதுதல்

ஒற்றுமை, வேற்றுமை என்று இரு பத்தி பிரிக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை; ஒரே பத்தியில் இரண்டு பாடல்களும் இருக்கட்டும். எடுத்துக்காட்டாக: "பதுமனாரின் தலைவிக்கு உலகம் பகையின்றித் தானாக உறங்குகிறது, ஔவையாரின் தலைவிக்கோ தன் நோயை அறியாமல் உறங்குவதே ஊரின் குற்றமாகிவிடுகிறது." "முனிவின்று", "அறியாது" என்ற இரு சொற்களே இவ்வாக்கியத்துக்குச் சான்று.

பின்சேர்க்கை: முதற்பாடல் நெய்தல், இரண்டாவது பாலை, திணை (பாடலின் நிலமும் உணர்ச்சியும் சார்ந்த வகை) வேறானால் ஒப்பிடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். தாராளமாக ஒப்பிடலாம். இவ்விரு பாடல்களிலும் பறவையோ மரமோ விலங்கோ இல்லை. யாமமும் இலக்கணப்படி குறிஞ்சித் திணைக்குரிய சிறுபொழுதே (நாளின் ஒரு பகுதி). ஆகவே இங்கே திணையைத் தீர்மானிப்பது உரிப்பொருள், அதாவது அத்திணைக்குரிய அக ஒழுக்கம்: முன்னதில் இரங்கல், பின்னதில் பிரிவு. விடையின் முதல் வரியில் திணைப்பெயரை எழுதிவிட்டு அதற்கேற்பப் பாடலை வளைக்காமல், மூன்றாம்படியை முடித்த பிறகு அதை எழுதுங்கள்.