பிரிஸ்டல் தென்கிழக்கு: ஒழிந்துபோன ஒரு தொகுதியின் தேர்தல் வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"டோனி பென் 1950 முதல் 1983 வரை தொடர்ந்து பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியின் எம்.பி.யாக இருந்தார்." இப்படி ஒரு வரி எழுதுவது ரொம்ப எளிது. ஆள் சரி (பிரிட்டனின் லேபர் கட்சி அரசியல்வாதி), ஊர் சரி, தொடங்கிய ஆண்டும் முடிந்த ஆண்டும் சரி. "தொடர்ந்து" என்கிற ஒரே ஒரு சொல்தான் தப்பு. அந்த ஒரு சொல், பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தல் வரலாற்றிலேயே பெரிய வழக்குகளில் ஒன்றைச் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறது. பழைய தொகுதிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு தொகுதியில் இருக்கின்றன, அதனால் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் தவறு, பெரிய தவறும் இதுதான்: அதிக வாக்கு வாங்கியவரும் சபையில் உட்கார்ந்தவரும் எப்போதும் ஒரே ஆள் என்று நினைப்பது. பென்னின் அப்பா வில்லியம் வெட்ஜ்வுட் பென்னுக்கு 1942ல் ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் என்ற பரம்பரைப் பட்டம் கிடைத்தது. மூத்த மகன் மைக்கேல் 1944ல் போர்க்காலத்தில் இறந்துவிட்டதால் பட்டத்துக்கு அடுத்த வாரிசு டோனி பென் ஆனார். 1960 நவம்பர் 17 அன்று அப்பா இறந்தார், அந்த நொடியிலேயே மகன் பிரபு ஆகிவிட்டார். பிரபுக்கள் சபைக்கு உரியவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில் உட்கார முடியாது, பட்டத்தை வேண்டாம் என்று உதறவும் அன்றைக்குச் சட்டத்தில் வழியில்லை. இடம் காலி என்று இடைத்தேர்தல் வந்தது. பென் அதே இடத்துக்கு மறுபடி நின்றார். 1961 மே 4 அன்று வாக்குப்பதிவு. பென்னுக்கு 23,275 வாக்கு, கன்சர்வேடிவ் கட்சியின் மால்கம் செயின்ட் கிளேருக்கு 10,231.

ஜெயித்தவரைச் சபைக்குள் விடவில்லை. விஷயம் தேர்தல் நீதிமன்றத்துக்குப் போனது. பென் தகுதியிழந்தவர் என்பது வாக்காளர்களுக்குத் தெரியும், தெரிந்தே போட்ட வாக்குகள் வீண் வாக்குகள்தான் என்று சொல்லி, 1961 ஜூலையில் இரண்டாவதாக வந்த செயின்ட் கிளேருக்கு இடத்தைக் கொடுத்தது நீதிமன்றம். ஆக, வாக்கு எண்ணிக்கைப் பட்டியலில் 1961க்கு நேராக பென் முதலில் இருப்பார், உறுப்பினர் பட்டியலில் அதே 1961க்கு நேராக செயின்ட் கிளேர் இருப்பார். இரண்டு பட்டியலும் சரி. ஒன்றைப் பார்த்து இன்னொன்றைத் "திருத்துவது"தான் தப்பு. ஒரு பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுகிறவர் ஒன்று பென்னுக்கு இல்லாத பதவிக்காலத்தைக் கொடுத்துவிடுவார், அல்லது அந்தத் தொகுதி மக்கள் 1961ல் கன்சர்வேடிவ் பக்கம் சாய்ந்தார்கள் என்று எழுதிவிடுவார். பத்தில் ஏழு பேர் லேபருக்குப் போட்ட ஒரு தேர்தலைப் பற்றி அப்படி எழுதினால், அந்த வாக்காளர்களுக்கு நீதிமன்றம் செய்ததை நாமும் ஒருமுறை செய்கிறோம். எனக்கு இது சும்மா தகவல் பிழையாகத் தெரியவில்லை.

எனவே பென்னின் காலத்தை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: 1950 முதல் 1960 வரை, அப்புறம் 1963 முதல் 1983 வரை. நடுவில் செயின்ட் கிளேர், 1961 முதல் 1963 வரை.

அடுத்தது எண்கள். ஆங்கிலத் தேர்தல் பட்டியல்களில் "மெஜாரிட்டி" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்ததும் "13,044 வாக்குகள் பெற்று பெரும்பான்மை பெற்றார்" என்று தமிழில் எழுதிவிடுகிறோம். அங்கே அந்தச் சொல்லுக்கு நம் செய்தித்தாள்கள் சொல்லும் வாக்கு வித்தியாசம் என்றுதான் பொருள். 1961ல் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே இருந்த இடைவெளி 13,044, பென் வாங்கிய வாக்குகள் அதைவிட பத்தாயிரம் அதிகம்.

சரி, வித்தியாசத்தைச் சரியாகப் புரிந்துகொண்டாலும் அதை மட்டும் வைத்துக் கதை சொன்னால் இன்னொரு குழி காத்திருக்கிறது. 1959 பொதுத்தேர்தலிலும் இதே இரண்டு பேர்தான் மோதினார்கள்: பென் 26,273, செயின்ட் கிளேர் 20,446, வித்தியாசம் 5,827. இரண்டே ஆண்டில் வித்தியாசம் இரட்டிப்பைத் தாண்டிவிட்டது, ஆகவே பென்னுக்கு ஆதரவு அலை என்று எழுதத் தோன்றும். ஆனால் பென்னின் வாக்குகளைப் பாருங்கள், மூவாயிரம் குறைந்திருக்கிறது. செயின்ட் கிளேருக்குப் பாதிக்குப் பாதி போய்விட்டது. மொத்தமாகப் பதிவான வாக்குகளே 46,719லிருந்து 33,506 ஆகிவிட்டன. பிரிட்டனில் இடைத்தேர்தல் என்றால் வாக்குப்பதிவு குறைவது வழக்கம்தான். பென்னின் பக்கம் சதவீதம் ஏறியது உண்மை, 56லிருந்து 69க்கு மேல் போனது, அதைச் சொல்லலாம். ஆனால் வித்தியாசம், வாக்கு, சதவீதம், வாக்குப்பதிவு என்று நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு வாக்கியம்கூட எழுதாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

1963 இன்னும் மோசமான பொறி. பரம்பரைப் பட்டத்தைத் துறக்க வழி செய்யும் சட்டம் 1963 ஜூலை 31 அன்று அரச ஒப்புதல் பெற்றது, பென் அன்று மாலையே பட்டத்தைத் துறந்தார். செயின்ட் கிளேர் தன் இடத்தை விட்டு விலகி வழிவிட்டார். ஆகஸ்ட் 20 அன்று இடைத்தேர்தல், பென்னுக்கு 20,313 வாக்கு, அதாவது ஏறத்தாழ 80 சதவீதம். இந்த 80ஐ எடுத்து 1959ன் 56உடன் ஒப்பிட்டால் கணக்கே இல்லாத கணக்கு ஆகிவிடும், ஏனென்றால் கன்சர்வேடிவ் கட்சியும் லிபரல் கட்சியும் அன்றைக்கு வேட்பாளரையே நிறுத்தவில்லை. இரண்டாவதாக வந்த எட்வர்ட் மார்ட்டெல்லின் பெயருக்குப் பக்கத்தில் "நேஷனல் ஃபெலோஷிப் கன்சர்வேடிவ்" என்று இருக்கும். நீளமாக இருக்கிறதே என்று அதை வெறும் "கன்சர்வேடிவ்" என்று சுருக்கினால், போட்டியிடாத ஒரு கட்சியைத் தோற்கடித்ததாக ஆகிவிடும். கூடவே பட்டியலில் "லேபர் கைப்பற்றியது" என்றும் இருக்கும். முந்தைய உறுப்பினர் கன்சர்வேடிவ், புதியவர் லேபர், அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். மக்கள் மனம் மாறினார்கள் என்று அது சொல்லவில்லை, அவர்கள் 1950லிருந்தே லேபருக்குத்தான் அதிகமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

செயின்ட் கிளேர் "நார்த்ஸ்டெட் பண்ணையின் காரியதரிசி ஆனார்" என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் அவர் ஏதோ வேலைக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும். காமன்ஸ் உறுப்பினர் நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது என்பது பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் விதி. அரசரின் கீழ் பெயரளவுக்கு ஒரு பதவியை ஏற்றுக்கொண்டால் இடம் தானாகக் காலியாகும், இது அப்படி ஒரு பதவி. "விலகினார்" என்று எழுதினால் போதும்.

ஆண்டை மட்டும் எழுதுவதும் ஆபத்து. "1950ல் வென்றவர் யார்?" என்று கேட்டால் இந்தத் தொகுதிக்கு இரண்டு விடை உண்டு. பிப்ரவரி 23 பொதுத்தேர்தலில் வென்றவர் சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ், அப்போது நிதியமைச்சர். உடல்நலம் கெட்டு அக்டோபரில் அவர் விலக, நவம்பர் 30 இடைத்தேர்தலில் வந்தவர்தான் 25 வயது பென். 1974லும் இதே சிக்கல், பிப்ரவரியில் ஒரு பொதுத்தேர்தல், அக்டோபரில் இன்னொன்று. மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

கிரிப்ஸ் என்றதும் நமக்கு 1942 தூதுக்குழு நினைவுக்கு வரும், அவரேதான். இங்கே ஒரு கட்சிப் பெயர்ச் சிக்கல் இருக்கிறது. "லேபர் கட்சியின் கிரிப்ஸ் 1942ல் இந்தியா வந்தார்" என்று சாதாரணமாக எழுதிவிடுகிறோம். பாசிசத்துக்கு எதிராக எல்லோரையும் சேர்த்து மக்கள் முன்னணி அமைக்க வேண்டும் என்று பிரசாரம் செய்ததற்காக லேபர் கட்சி அவரை 1939லேயே வெளியேற்றிவிட்டது, 1945ல்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டது. இந்தியா வந்தபோது அவர் எந்தக் கட்சியையும் சேராத உறுப்பினர். 1935ல் லேபர், 1945ல் லேபர், நடுவில் பொதுத்தேர்தல் இல்லை என்று தேர்தல் முடிவுகளை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இடைவெளி கண்ணிலேயே படாது. வாக்குச்சீட்டு நாளின் கட்சியும் பதவிக்காலத்தின் கட்சியும் வேறாக இருக்கலாம். லண்டனின் பேட்டர்சி வடக்கில் சபூர்ஜி சக்லத்வாலாவும் இப்படித்தான்: 1922ல் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்துகொண்டே லேபர் வேட்பாளராக வென்றார், 1923ல் தோற்றார், 1924ல் கம்யூனிஸ்ட் என்ற பெயரிலேயே வென்றார். அவருடைய இரண்டு வெற்றிகளுக்கும் ஒரே கட்சிப் பெயரைப் போட்டால் ஒன்று கட்டாயம் தப்பாகும்.

ஆட்களின் பெயரிலும் கவனம் வேண்டும். பழைய இந்திய நூல்களில் வரும் "வெட்ஜ்வுட் பென்" அப்பா. உப்புச் சத்தியாகிரகம் நடந்த 1930ல் லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்தவர் அவர். ஆனால் மகனும் 1950, 1960களின் தேர்தல் முடிவுகளில் ஆந்தனி வெட்ஜ்வுட் பென் என்றுதான் இருப்பார், எழுபதுகளில்தான் வெறும் டோனி பென் ஆனார்.

ஊர்ப் பெயர்தான் எல்லாவற்றையும்விட நம்மை ஏமாற்றுவது. பிரிஸ்டல் 1885 வரை ஒரே தொகுதி, இரண்டு உறுப்பினர்கள். 1774ல் ஹென்றி க்ரூகர் முதலில் வந்தார், எட்மண்ட் பர்க் இரண்டாவதாக வந்தார், இருவரும் உறுப்பினரானார்கள். இரண்டாவதாக வந்தார் என்பதால் பர்க் தோற்றார் என்று எழுதக்கூடாது. ஒருவருக்கு இரண்டு வாக்கு என்பதால் வாக்குகளைக் கூட்டி வாக்காளர் எண்ணிக்கை என்று சொல்லவும் கூடாது. 1885ல் நகரம் நான்கு தொகுதிகளாகப் பிரிந்தபோது பிரிஸ்டல் கிழக்கு வந்தது. கிரிப்ஸ் 1931 முதல் 1950 வரை உறுப்பினராக இருந்தது அங்கேதான். 1950ல் அது மறைந்து பிரிஸ்டல் தென்கிழக்கு பிறந்தது. 1983ல் தென்கிழக்கு மறைந்து, பிரிஸ்டல் கிழக்கு என்ற பழைய பெயர் திரும்பி வந்தது. பெயர் ஒன்று என்பதால் 1950க்கு முந்தைய கிழக்கையும் 1983க்குப் பிந்தைய கிழக்கையும் ஒட்டவைத்து ஒரே வரலாறாக எழுதினால் நடுவில் 33 ஆண்டு ஓட்டை இருக்கும், எல்லைகளும் ஒன்றல்ல. தென்கிழக்குக்குள்ளேயேகூட 1950 முதல் 1979 வரை வாக்காளர்கள் ஒரே கூட்டம் இல்லை. 1970ல் வாக்குரிமை வயது 21லிருந்து 18க்கு இறங்கியிருந்தது, 1974 பிப்ரவரித் தேர்தல் நாடு முழுக்கப் புதிய எல்லைகளில் நடந்தது. 1959ன் வாக்கு எண்ணிக்கையையும் 1979ன் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைக்கும்போது இதை ஒரு வரியாவது சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, 1983. "பென் தன் தொகுதியை இழந்தார்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவருடைய தொகுதியை மறுவரையறைதான் எடுத்துக்கொண்டது. வெல்ல வாய்ப்புள்ள பிரிஸ்டல் தெற்கில் லேபர் வேட்பாளராக நிற்க முயன்றார், அந்தத் தேர்வில் மைக்கேல் காக்ஸிடம் தோற்றார். பிறகு ஊரை விட்டுப் போகாமல் பிரிஸ்டல் கிழக்கில் நின்று, கன்சர்வேடிவ் கட்சியின் ஜொனாதன் சயீதிடம் 1,789 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அந்தத் தொகுதிக்கு அதற்கு முன் அவர் ஒருநாளும் உறுப்பினராக இருந்ததில்லை. 1979ல் தென்கிழக்கில் அவர் வென்றதும் 2,000க்குக் குறைவான வித்தியாசத்தில்தான் என்பதால், இரண்டு சின்ன எண்களையும் குழப்பிக்கொண்டு, ஒரே தொகுதியில் மயிரிழையில் வென்று மயிரிழையில் தோற்றார் என்று எழுதிவிடுவதும் எளிது. பென்னின் சொந்தப் பட்டியலில் அடுத்த வரி 1984 மார்ச் 1, செஸ்டர்ஃபீல்ட் இடைத்தேர்தல். தொகுதியின் பட்டியலிலோ 1983க்கு வரியே கிடையாது, பிரிஸ்டல் தென்கிழக்கு கடைசியாக வாக்களித்த நாள் 1979 மே 3.