உதவித்தொகைக் கடிதம் வந்ததும் ஒரு பேனா எடுங்கள்

அமெரிக்காவில் சிறிய தனியார் கல்லூரிகள் அறிவிக்கும் கட்டணத்தைப் பார்த்தே மிரண்டுவிட வேண்டாம். பலர் அந்த முழுத் தொகையைக் கட்டுவதே இல்லை. கல்லூரியின் இணையதளத்தில் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' இருக்கும். குடும்ப வருமானத்தைப் போட்டால், உதவி போக நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்று உத்தேசக் கணக்கு கிடைக்கும்.

அப்புறம், கல்லூரி தரும் நிதியுதவியைப் பட்டியலிடும் உதவிக் கடிதம் வந்ததும் 'லோன்' என்று வரும் வரிகளை எல்லாம் அடித்துவிடுங்கள். கடனையும், திருப்பித் தர வேண்டாத மானியத்தோடு சேர்த்துக் கூட்டிப் பெரிய தொகையாகக் காட்டும் கடிதங்கள் உண்டு. 'வொர்க் ஸ்டடி', அதாவது படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்க்கும் திட்டம், அதையும் அடித்துவிடுங்கள்: வேலை பார்த்த பிறகே சம்பளமாகக் கைக்கு வரும், பருவத் தொடக்க பில்லில் கழியாது. மிச்சமிருப்பதுதான் நிஜமான உதவி.

அது நான்கு வருடமும் தொடருமா, மதிப்பெண் எவ்வளவு குறைந்தால் நிற்கும் என்பதை நிதியுதவி அலுவலகத்திடம் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். வாய்வார்த்தை போதாது. பெற்றோருக்கு வேலை போயிருந்தால், ஆதாரத்தோடு மறுபரிசீலனையும் கேட்கலாம்.